மாவு உருண்டையைப் பார்த்த பிறகு மூடியைச் சாத்துங்கள்

குடும்பக் குழு, ஞாயிறு

நான் (காலை 9.10): எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு உணவுக்காகப் பிரெட் மெஷினில் மாவு பிசைந்து ரோல் செய்தேன். மேற்புறம் நன்றாகச் சிவந்திருந்தும், பிய்த்துப் பார்த்தால் உள்ளே நெருக்கமாகவும் கனமாகவும் இருந்தது. சிலவற்றில் பக்கவாட்டில் வெடிப்பும் விழுந்திருந்தது. 400 கிராம் மைதா, 240 மில்லி பால், ஒரு முட்டை, வெண்ணெயும் சர்க்கரையும் 40 கிராம் வீதம், 7 கிராம் உப்பு, 6 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்பதுதான் நான் வைத்திருக்கும் குறிப்பு. எங்கே தவறினேன் சித்தி?

சித்தி (காலை 9.24): குறிப்பில் குறையில்லை. மைதாவைத் தராசில் நிறுத்தாயா, கப்பில் அளந்தாயா? மெஷின் ஒலி எழுப்பிய பிறகு மாவை என்ன செய்தாய் என்பதையும் விவரமாகச் சொல்.

நான் (காலை 9.31): கப்பில்தான் அழுத்தி அளந்தேன். மெஷின் ஒன்றரை மணி நேரத்தில் பிசைந்து, பொங்கவும் வைத்துக் கொடுத்தது. மாவு இரண்டு மடங்காகியிருந்ததால் உடனே 12 உருண்டைகளாக்கி ஓவனில் வைத்துவிட்டேன்.

சித்தி (காலை 9.48): இரண்டு காரணங்களும் கிடைத்துவிட்டன. அழுத்தி அளந்தால் ஒவ்வொரு கப்பிலும் இருபது, முப்பது கிராம் மாவு கூடிவிடும். அந்தக் கூடுதல் மாவு பாலையெல்லாம் குடித்துவிட, மாவு இறுகிப்போகும். அதைவிடப் பெரிய காரணம், உருட்டிய பிறகு நீ காத்திருக்காதது. மெஷினுக்குள் பொங்கியது முதல் பொங்கல் மட்டுமே. நீ பிரித்து உருட்டும்போது அதில் சேர்ந்திருந்த காற்றில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அது மறுபடியும் சேர்வதற்குள் ஓவனில் வைத்தால், மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளிருந்து விரியும் மாவு வழியில்லாமல் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும். நீ பார்த்த வெடிப்பு அதுதான்.

அண்ணன் (காலை 10.02): எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் சித்தி?

சித்தி (காலை 10.09): பொதுவாக 30 முதல் 45 நிமிடங்கள் ஆகும், குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் உருண்டையையே கேளுங்கள். விரல் நுனியில் சிறிது மாவைத் தொட்டுக்கொண்டு மெதுவாக அழுத்தினால், பள்ளம் சட்டென்று எழும்பி மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பாதி மட்டும் மேலெழுந்தால் ஓவனுக்குத் தயார். அப்படியே அமுங்கிக் கிடந்தால் நேரம் கடந்துவிட்டது.

பெரியம்மா (காலை 10.30): இதனுடன் நானும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பிசையும் நேரத்தில் மூடியைத் திறக்கக்கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்போது திறப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. பிசையத் தொடங்கி எட்டு, பத்து நிமிடங்கள் ஆனதும் திறந்து பார்த்தே தீர வேண்டும் என்பேன். மாவு ஒரே உருண்டையாகச் சுழன்று, பாத்திரத்தின் ஓரங்களைச் சுத்தமாக வழித்துக்கொண்டு, அடியில் மட்டும் லேசாக ஒட்ட வேண்டும். உதிரி உதிரியாக ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தால் பாலை ஒரு தேக்கரண்டி விட்டு ஒரு நிமிடம் பொறு. கூழாகப் பரவினால் மாவை ஒரு மேசைக்கரண்டி தூவு. உன் நேற்றைய மாவை அப்போதே இரண்டு தேக்கரண்டிப் பால் ஓரளவு காப்பாற்றியிருக்கும், கண்ணா.

அண்ணன் (காலை 10.41): இரவே எல்லாவற்றையும் போட்டு, காலையில் பிசையும்படி டைமர் வைத்துவிடலாமா?

பெரியம்மா (காலை 10.50): வேண்டவே வேண்டாம். பாலும் முட்டையும் அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். முன்கூட்டியே செய்ய வேண்டுமானால், மாலையில் உருட்டி டிரேயில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வை. மறுநாள் வெளியே எடுத்துக் குளிர் நீங்கி நன்றாக உப்பிய பிறகு சுடலாம். சுவையும் கூடும்.

சித்தி (காலை 11.05): உருட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஒவ்வொன்றும் 65 கிராம் இருக்கும்படி நிறுத்துக்கொள். அளவு ஒன்றாக இருந்தால்தான் எல்லாம் சேர்ந்து வேகும். மேடையில் மாவு தூவாதே, தூவினால் உருண்டை பிடிப்பில்லாமல் வழுக்கும். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து, உருண்டையை அதற்குள் அடக்கி வட்டமாகச் சுழற்று. அடிப்பாகம் மேடையில் லேசாக ஒட்டி இழுபட, மேற்தோல் விறைப்பாகி மினுமினுக்கும். அந்த விறைப்புதான் ரோலைப் பக்கவாட்டில் பரவவிடாமல் மேலே எழுப்புகிறது.

நான் (மாலை 6.40): சொன்னபடியே மாவை நிறுத்துச் செய்தேன். எட்டாவது நிமிடத்தில் திறந்து பார்த்தபோது உருண்டை சற்று வறண்டிருந்ததால் ஒரே ஒரு தேக்கரண்டிப் பால் சேர்த்தேன். இரண்டாவது பொங்கலுக்கு 55 நிமிடங்கள் ஆயின. 35ஆவது நிமிடத்தில் விரல் பள்ளம் உடனே மறைந்ததால் பொறுத்திருந்தேன். 190 டிகிரி செல்சியஸில் 17 நிமிடங்கள் சுட்டிருக்கிறேன். படத்தைப் பாருங்கள், வெடிப்பே இல்லை, பிய்த்தால் நார் நாராக வருகிறது.

சித்தி (மாலை 6.44): படத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் மேலே வெண்ணெய் தடவிவிடு, தோல் மிருதுவாகிவிடும்; முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடை.