எழுதுவது வைமண்ட்ஹாம், சொல்வது விண்டம்

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதன் தலைநகரின் பெயரையே எழுத்துப்படி 'நார்விச்' என்று சொல்லி, 'நாரிச் என்று சொல்லுங்கள்' என்று ஒரு வாரமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வார இறுதியில் சக ஊழியர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் ஏறி, "வைமண்ட்ஹாம் ஒரு டிக்கெட்" என்றேன். ஓட்டுநர் விழித்தார். மறுபடி சொன்னேன், இந்த முறை இன்னும் அழுத்தமாக. கடைசியில் முகவரிச் சீட்டை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. "ஓ, விண்டமா! இரட்டைக் கோபுரத் தேவாலயம் தெரிந்ததும் இறங்குங்கள்." ஒன்பது ஆங்கில எழுத்தில் பாதியைக் காணோம். 1107இல் தொடங்கிய மடத்தின் தேவாலயம் அது. அந்தக் கோபுரங்களை விட ஊர்ப்பெயர்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து லெஸ்டர்ஷையரில் மெல்டன் மோப்ரே பக்கம் போயிருந்தோம். அங்கேயும் அச்சு அசலாக அதே எழுத்துகளில் ஒரு சிற்றூர். பழைய காற்றாலை ஒன்று உண்டு. நாயோடு நடந்துவந்த பாட்டியிடம், விவரம் தெரிந்தவன் என்ற மிதப்பில், "விண்டத்துக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டேன். அப்படி ஓர் ஊர் அங்கே இல்லை என்றார். பலகையைக் காட்டினேன். "இது வைமண்டம். விண்டம் என்பது நார்ஃபோக்காரர்கள் சொல்வது" என்றார், கொஞ்சம் பரிதாபத்தோடு. அருகிலிருக்கும் பெல்வார் கோட்டையைப் பற்றி அதன் பிறகு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. 'அழகிய காட்சி' என்ற பொருளில், பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் வைத்த அந்தப் பிரெஞ்சுப் பெயரை ஊரார் 'பீவர்' என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலிருந்து ஒருவர்:

உங்களுக்காவது பலகையில் ஒரே பெயர். நாங்கள் ட்ராட்டிஸ்கிளிஃப் என்ற ஊரைத் தேடிப் போனோம். வழியெல்லாம் 'ட்ராஸ்லி' பூங்கா என்று பலகை. அது வேறு இடம் என்று நினைத்து இரண்டு முறை தாண்டிப் போய்விட்டோம். ட்ராட்டிஸ்கிளிஃபைச் சொல்வதுதான் ட்ராஸ்லி. பூங்காவுக்கு மட்டும் வாயில் வருகிறபடியே எழுதிவிட்டார்கள். பக்கத்தில் மியோபாம் என்று எழுதியிருப்பது மெப்பம், ரோத்தம் என்று நீங்கள் படிப்பது ரூட்டம். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியபோது நம் பெயர் நீளமாக இருந்ததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். சொந்த ஊரையே விட்டுவைக்காதவர்கள்!

தொலைபேசிச் சேவையில் வேலை பார்த்த ஒருவர்:

எனக்கு ஊரைப் பார்க்கும் வாய்ப்புகூட இல்லை. காதில் விழுவதை வைத்துத் தேட வேண்டும். ஒரு நாள் நார்ஃபோக் கடற்கரையிலிருந்து ஓர் அம்மா பேசினார். ஊர் 'ஹேஸ்ப்ரா' என்றார். கணினியில் எப்படித் தட்டினாலும் வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். ஹாப்பிஸ்பர்க் என்று வந்தது! வேறு ஊருக்கு மாறிவிட்டார் என்றே நினைத்து, "இது எந்த ஊர் அம்மா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அங்கே கடல் மண்மேட்டை அரித்து வீடுகளையே கொண்டுபோகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி," என்றார், "பாதிப் பெயரை நாங்கள் விழுங்கிவிட்டோம், மீதி ஊரைக் கடல் விழுங்கிக்கொண்டிருக்கிறது."