கவினின் பத்துப் பல்கலைக்கழகங்கள்

(குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

கவின்: யாழினி அக்கா, அமெரிக்காவில் இயந்திரப் பொறியியல் முனைவர் படிப்புக்குப் பத்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கல்லூரி மதிப்பெண் சராசரி (சிஜிபிஏ) பத்துக்கு 8.6. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் கணிதப் பகுதியில் 168. எத்தனை சதவீத வாய்ப்பு இருக்கிறது?

அத்தை: 168, எவ்வளவுக்கு?

கவின்: 170க்கு, அத்தை.

அத்தை: இரண்டுதானே குறைவு! கிடைத்துவிடும்.

யாழினி: அத்தை, அந்த 168ஐப் பல துறைகள் இப்போது கேட்பதே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் மின்பொறியியல், கணினித் துறைக்கு ஜிஆர்இ தேவையில்லை. கவின், துறைவாரியாகப் பார்த்துக்கொள்.

யாழினி: சதவீதம் என்னால் சொல்ல முடியாது. முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நாம் கட்டணம் கட்டுகிறோம். முனைவர் படிப்புக்குப் பல்கலைக்கழகமே ஐந்தாறு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. அது பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருகிறது. இந்த ஆண்டு அவர் கையில் நிதி இல்லையென்றால் நீ 9.8 வாங்கியிருந்தாலும் அவரால் எடுக்க முடியாது.

கவின்: அப்படியானால் மதிப்பெண் எதற்கு?

யாழினி: முதல் சல்லடையில் நிற்பதற்கு. அதன்பின் பேசுவது நீ செய்த ஆய்வும் பரிந்துரைக் கடிதங்களும்தான்.

சித்தப்பா: கடிதம் எழுதுகிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். "ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி, வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருவான்" என்று எழுதினால் அது நன்னடத்தைச் சான்றிதழ். "மூன்று வாரம் அளவீடு தவறாக வந்தது; வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்புளைப் பொருத்திய இடம்தான் காரணம் என்று இவனே கண்டுபிடித்தான்" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். உனக்கு எழுதப்போகும் மூவர் யார்?

கவின்: செயல்திட்ட வழிகாட்டி, துறைத்தலைவர், கல்லூரி முதல்வர்.

சித்தப்பா: முதல்வருக்கு உன்னைத் தெரியுமா?

கவின்: பரிசு கொடுத்தபோது கை குலுக்கினார்.

சித்தப்பா: 😀 அவரை விட்டுவிடு. கோடைப் பயிற்சியில் உன்னோடு ஆய்வகத்தில் நின்றாரே, அந்த விஞ்ஞானியிடம் கேள்.

அம்மா: ஜெர்மனிக்கும் போடலாமே?

சித்தப்பா: அங்கே வழக்கமாக முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், அண்ணி. இவனிடம் அது இல்லை.

யாழினி: பட்டியலை அனுப்பு.

கவின்: 📷

யாழினி: தரவரிசையை மேலிருந்து கீழே அப்படியே நகலெடுத்திருக்கிறாய். நீ ஆய்வு செய்ய விரும்பும் கொதித்தல் வெப்பப் பரிமாற்றத்தில் வேலை செய்பவர்கள் இதில் எத்தனை இடங்களில் இருக்கிறார்கள்?

கவின்: பார்க்கவில்லை அக்கா.

யாழினி: அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆய்வுக்குழுவின் பக்கத்துக்குப் போ. சென்ற ஆண்டு புது மாணவர் சேர்ந்தாரா, யாராவது முடிக்கும் தறுவாயில் இருக்கிறாரா, அண்மையில் கட்டுரை வந்ததா என்று பார். ஒரே ஒருவர் இருந்து, அவரும் ஓய்வை நெருங்குகிறார் என்றால் அந்த இடத்தை அடித்துவிடு.

அம்மா: முடிவு எப்போது தெரியும்?

யாழினி: டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும், பெரியம்மா. நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் பொதுவாக ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம். அவர்களில் சிலர் வேண்டாம் என்று சொல்ல, கடைசி வாரத்திலும் இடம் திறக்கும்.

(இரவு 11:40)

கவின்: நான்கு இடங்களில் ஆளே இல்லை. அடித்துவிட்டேன். எட்டாவதாக எழுதிய இடத்தில் மூன்று பேர். அவர்களில் ஒருவரின் கட்டுரையை என் செயல்திட்ட அறிக்கையிலேயே மேற்கோள் காட்டியிருக்கிறேன். எங்கே வேலை செய்கிறார் என்று கவனிக்கவே இல்லை!

யாழினி: அவருக்கு எழுதும் மின்னஞ்சலை அனுப்புமுன் என்னிடம் காட்டு. பத்து வரிக்கு மேல் போகாதே.

அத்தை: சரி, ஆறு இடம் என்றால் இப்போது எத்தனை சதவீதம்?