வென்டிலேட்டர் நோயாளிக்கு ஜிங்க் கொடுத்தால் நிமோனியா வராதா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் உணவியல் நிபுணராகப் பணிபுரிவதால், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் உறவினர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு நிமோனியா வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்த நிலையில், ஒரு மகள் தன் தந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஜிங்க் (துத்தநாகம்) குறைவாக இருந்த வரியை அடிக்கோடிட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

அந்த எண்ணை மட்டும் வைத்துப் பற்றாக்குறை என்று முடிவுகட்ட முடியாது. கடுமையான அழற்சி ஏற்படும்போது உடலே ரத்தத்திலுள்ள துத்தநாகத்தைக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதைச் சுமந்து செல்லும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் அப்போது குறைந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தந்தைக்குப் பல நாள்களாக வயிற்றுப்போக்கு இருந்ததால், துத்தநாகம் உண்மையாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்டுவதற்காகத்தான் ஜிங்க் கொடுத்தோம். நிமோனியாவைத் தடுக்கும் மருந்தாக அல்ல. உணவு செலுத்தும் அதே குழாய் வழியாக சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் குடலில் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டால் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் சேருவது குறைந்துவிடும் என்பதால், ஜிங்குக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் அதைக் கொடுக்க வேண்டும் என்று செவிலியர் மருந்து அட்டவணையில் குறித்து வைத்தார்.

செலினியம், ஜிங்க் ஆகியவற்றோடு சில வைட்டமின்களையும் சேர்த்து, பல உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த 1,200-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்விலும், உயிரிழப்போ நோய்த்தொற்றோ குறையவில்லை.

என் கவலையெல்லாம் பாஸ்பேட், மெக்னீசியம் ஆகியவற்றைப் பற்றியது. பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவருக்குக் குழாய் வழியே உணவைத் தொடங்கியதும் பாஸ்பேட் சரசரவென இறங்கும். அப்படி இறங்கினால் மூச்சுவிட உதவும் உதரவிதானத் தசை வலுவிழக்கும், வென்டிலேட்டரை விலக்குவது தள்ளிப்போகும், ட்யூப் உள்ளே இருக்கும் நாள்கள் கூடக்கூட நுரையீரல் தொற்றுக்கான வாய்ப்பும் கூடும். ஆகவே உணவு தொடங்கிய முதல் சில நாள்களில் பாஸ்பேட்டைத் தினமும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மற்றபடி, கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பது, பிரஷ் கொண்டு பல் துலக்கிவிடுவது, மயக்க மருந்தை இயன்றவரை குறைத்து, தானாக மூச்சுவிட முடிகிறதா என்று நாள்தோறும் சோதிப்பது ஆகியவற்றின் இடத்தை எந்தத் தாதுச் சத்தாலும் நிரப்ப முடியாது என்று அந்த மகளிடம் விளக்கினேன்.

அவருடைய தந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றதும் ஜிங்கையும் நிறுத்திவிட்டோம். அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தால் தாமிரச் சத்து குறைந்து, தொற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களே குறைந்துபோகக்கூடும்.