புது பில்டிங் செட்டில் பல்சக்கரம் இல்லை, கடைக்காரர் கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

பாளை_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பையன் பிறந்தநாளுக்கு ஒரு பில்டிங் செட் வாங்கிக் கொடுத்தோம். ஜேசிபி மாதிரி வண்டி, பின்னால் ஒரு திருகைத் திருப்பினால் கை மேலே போகும், வாளி கீழே கொட்டும். வாங்கியது வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில், ஆன்லைன் இல்லை. கம்பெனி பெயரும் கடைப் பெயரும் எழுதவில்லை, எனக்குச் சண்டை வேண்டாம், சாமான்தான் வேண்டும்.

அடிப்பாகம், சக்கரம், ஆள் உட்காரும் கூண்டு எல்லாம் முடித்துவிட்டான். கையை மாட்டுகிற இடத்தில் வந்து நின்றுவிட்டது. புத்தகத்தில் காட்டுகிற சின்ன சாம்பல் நிறப் பல்சக்கரம் ஒன்று இல்லை, நீல நிறத்தில் நீளமான பின் இரண்டு இல்லை. கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு விட்டு இழுத்தும் பார்த்தாச்சு, பழைய கோலிக்குண்டுதான் வந்தது. கடையில் போய்க் கேட்டால் "சீல் போட்ட பெட்டிம்மா, உள்ளே என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், பிரிச்சதை வாங்க மாட்டோம்" என்கிறார். பில்லிலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது.

ஒரு பல்சக்கரத்துக்காக முழு செட்டையும் கழற்றிப் பெட்டியில் போட அவன் சம்மதிக்க மாட்டான், தொட்டாலே அழுகை. கம்பெனிக்கு எழுதினால் ஒரு துண்டை மட்டும் அனுப்புவார்களா? இல்லை, இங்கேயே ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையம்_வாப்பா:

அக்கா, கம்பெனிக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எங்கள் வீட்டில் இந்த "இல்லை" தினமும் நடக்கிற கூத்து. என் தம்பி துபாயில் இருந்து வரும்போது பெட்டியில் இடம் போதாது என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு கவரும் புத்தகமும் மட்டும்தான் கொண்டு வருவான், அதனால் காணாமல் போவதும் கண்டுபிடிப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முதலில், மீதி இருக்கிற துண்டுகளைப் பாருங்கள். இல்லாததைத் தேடுவதை விட இது நல்ல வழி. நீல நீளப் பின் இரண்டு குறைகிறது, ஆனால் கருப்புக் குட்டைப் பின் கூடுதலாக நான்கு கிடக்கிறது என்றால், எங்கேயோ முந்தின பக்கத்தில் குட்டை போட வேண்டிய இடத்தில் நீளம் போயிருக்கிறது. கட்டி முடித்த அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு ஓட்டையில் நீலம் அநாவசியமாக ஒரு ஓட்டை தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம், பொடித் துண்டுகளில் ஒன்றை அதிகமாகப் போட்டு அனுப்புவது வழக்கம்.

இரண்டாவது, பல்சக்கரத்தைத் தேடும்போது டியூப்லைட்டை நம்பாதீர்கள். கரும் சாம்பலும் கருப்பும் ராத்திரியில் ஒன்று போலத்தான் தெரியும். பகலில் வாசல் வெளிச்சத்தில் தாம்பாளத்தில் கொட்டிப் பிரியுங்கள். சுளகு வேண்டாம், இடுக்கில் பின் போய்ச் செருகிக்கொள்ளும். மெல்லிய தட்டைத் துண்டுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துண்டு மாதிரி கிடக்கும், அதை நகத்தால் பிரித்துப் பாருங்கள். பெரிய கவருக்குள் இன்னொரு குட்டிக் கவர் இருந்ததா என்றும் பாருங்கள். லெகோ இப்போது பிளாஸ்டிக் கவரை விட்டுவிட்டுக் காகித உறைக்கு மாறி வருகிறது, அதில் உள்ளே இருப்பது வெளியே தெரியாது, அடி மடிப்பில் ஒரு பின் நின்றுகொள்ளும். உறையை ஓரத்தில் கிழித்தால் போதாது, நெடுக்கக் கிழித்து விரிக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லைதான்.

தென்காசி_பொம்மைக்கடை:

கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். அந்த அண்ணாச்சி சொன்னது பாதி உண்மை. சீல் பெட்டிக்குள் இருப்பதை நாங்கள் எண்ண முடியாது. பெரிய கம்பெனிகளில் துண்டுகளை மிஷின் எண்ணிப் போட்டு, நிரம்பிய கவரை எடை பார்க்கும். பெரிய கட்டை ஒன்று குறைந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குட்டிப் பின்னின் எடை என்ன பெரிய எடை? அது தராசு கண்டுகொள்ளாத வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் வரும் புகார் எல்லாமே பின், குட்டிப் பல்சக்கரம், கண்ணாடி விளக்குத் துண்டு என்று பொடி சாமானாகவே இருக்கும்.

மீதிப் பாதி: பெட்டியில் கம்பெனி முகவரியும், புகாருக்கு என்று போன் நம்பரும் மெயிலும் கட்டாயம் இருக்க வேண்டும், இது பாக்கெட் பொருள் எல்லாவற்றுக்கும் உள்ள எடையளவுச் சட்ட விதி. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் முகவரி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கடைக்காரர் நினைத்தால் அந்த நம்பருக்கோ டிஸ்ட்ரிபியூட்டருக்கோ ஒரு போன் போட்டுக் கொடுக்கலாம், நான் போடுவேன். எல்லாரும் போடுவார்களா என்றால், சீசன் நேரத்தில் குற்றாலம் போகிற கூட்டம் கடையில் நிற்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

மெயில் எழுதும்போது "பார்ட் மிஸ்ஸிங், உடனே அனுப்பவும்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எந்தத் துண்டு என்றே அவர்களுக்குப் புரியாது, திரும்பக் கேட்பார்கள், அதில் ஒரு வாரம் போய்விடும். பெட்டியில் இருக்கிற மாடல் நம்பர், பேட்ச் நம்பர், புத்தகத்தில் எந்தப் பக்கம் எத்தனையாவது படி, அந்தத் துண்டின் படத்தைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு போட்டோ, பில் போட்டோ, வீட்டு முகவரி, போன் நம்பர். இவ்வளவும் முதல் மெயிலிலேயே போக வேண்டும்.

லெகோ என்றால் இன்னும் சுலபம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாத் துண்டும் படத்தோடு இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஆறேழு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். அவர்கள் இணையதளத்தில் விடுபட்ட துண்டுக்கு என்றே தனிப் பகுதி உண்டு, செட் எண்ணைக் கொடுத்துத் துண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும், விடுபட்டதற்குக் காசு கிடையாது. நாமே தொலைத்தது என்றால் விலைக்குத்தான். மேலப்பாளையத்துக்காரர் சொன்ன மாதிரி பெட்டி இல்லாவிட்டாலும் செட் எண் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கும்.

வக்கீல்_இல்லை_வே:

தென்காசி அண்ணாச்சி நல்ல மனுசன்தான், ஆனால் அந்த பில் வாசகத்தைக் கண்டும் காணாமல் போய்விட்டார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள். பொம்மை ஓடவேண்டிய பல்சக்கரம் இல்லாமல் வருவது குறை இல்லாமல் வேறென்ன? பில்லே தரமாட்டேன் என்பதும் அதே கணக்கில்தான் வரும்.

கடைக்காரரிடம் முதலில் தணிந்து சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஒரு பல்சக்கரத்துக்காக அதுவரை போகச் சொல்லவில்லை, போக முடியும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தாலே பேச்சு மாறும்.

பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரையும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் மெயில் போடவே இடம் இல்லாத சரக்கு அது. ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் விரித்துப் போட்டு விற்பதில் அப்படி நிறைய உண்டு, அதில் துண்டு குறைந்தால் யாரைப் பிடிப்பது?

தென்காசி_பொம்மைக்கடை:

வே, நான் கண்டும் காணாமல் போகவில்லை. அக்கா சண்டை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள், அதனால் விட்டேன். இன்னொன்று, செட்டை மாற்றி வாங்கினால் புதுப் பெட்டியில் வேறொரு துண்டு இருக்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பாதி கட்டிய பிள்ளையிடம் இருந்து பிடுங்குவதை விடத் துண்டை மட்டும் வரவழைப்பதுதான் என் யோசனை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் நானே உடனே மாற்றச் சொல்லியிருப்பேன், அங்கே திருப்பி அனுப்பும் கெடு சீக்கிரம் முடிந்துவிடும், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் கையில் இருக்க வேண்டும்.

அம்பை_மெக்கானிக்கல்:

அக்கா, துண்டு வந்து சேர நாளாகலாம், அதுவரை தம்பி கை கட்டி உட்கார வேண்டியதில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லெகோ டெக்னிக் முறையில், அதாவது ஓட்டையில் பின் செருகி மாட்டுகிற விதத்தில், செய்த செட். லெகோ கட்டையின் காப்புரிமை 1958ல் போட்டது, எப்போதோ காலாவதி ஆகிவிட்டது, அதனால் பல கம்பெனிகள் அதே அளவில்தான் அச்சு செய்கின்றன: ஓட்டைக்கு ஓட்டை 8 மில்லிமீட்டர். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேறு செட் கிடந்தால் அதில் இருந்து எடுத்துப் போடலாம். சாதாரணக் கட்டை குறைந்தால் மெல்லிய தட்டு மூன்றை அடுக்கினால் ஒரு கட்டை உயரம், 3.2 மூன்று தடவை 9.6, கணக்கு சரியாக வரும்.

பல்சக்கரத்துக்கு முதலில் படத்தில் பல்லை எண்ணுங்கள். சின்னது என்றால் பெரும்பாலும் 8 பல், அது 24 பல் சக்கரத்தோடு ஜோடி சேர்ந்து நிற்கும். அந்த இரண்டின் மையத்துக்கும் நடுவே 16 மில்லிமீட்டர். அதே இடைவெளியில் 16 பல் சக்கரம் இரண்டும் சரியாகக் கடிக்கும். வீட்டில் 16 பல் இரண்டு இருந்தால் 8, 24 இரண்டையும் எடுத்துவிட்டு இதை மாட்டச் சொல்லுங்கள். கை மூன்று மடங்கு வேகமாக எழும்பும், ஆனால் திருகுவது கனமாக இருக்கும், ஏன் என்று அவனே கேட்பான், என் முதல் வருடப் பாடமே அதுதான். வெறும் 8 பல்லுக்குப் பதில் ஒரு 16 பல்லை மட்டும் மாட்டினால் இடிக்கும், அது வேண்டாம்.

நீலப் பின்னுக்குப் பதில் ஒரு ஆக்ஸிலை (சக்கரம் கோர்க்கிற தண்டு) செருகி, நழுவாமல் இரண்டு பக்கமும் புஷ் என்கிற சின்ன வளையம் போட்டு நிறுத்தலாம். எத்தனை நீள ஆக்ஸில் என்று குழப்பம் வந்தால், புத்தகத்தில் ஆக்ஸிலை அசல் அளவிலேயே வரைந்து பக்கத்தில் எண்ணும் போட்டிருப்பார்கள், அந்தப் படத்தின் மேலேயே வைத்து அளந்துகொள்ளலாம். பசை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் அசைய வேண்டிய மூட்டு அசையாது, அப்புறம் சரியான பின் வந்தாலும் மாட்ட இடம் இருக்காது. 3டி பிரிண்டில் பல்சக்கரம் ஓரளவுக்கு வரும், பின் வராது, இரண்டு தடவை கழற்றி மாட்டினால் அடுக்கு அடுக்காக ஒடியும்.

கல்லிடை_தாத்தா:

இரும்புப் பட்டை, நட்டு, போல்ட்டு வைத்து மாட்டுகிற செட் யாருக்காவது இருந்தால் கம்பெனிக்கு எல்லாம் எழுத வேண்டாம். இருக்கிற போல்ட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு டவுன் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போங்கள், மரை பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பேரனுக்கு அப்படித்தான் ஓட்டுகிறேன். அந்தக் காலத்தில் அம்பாசமுத்திரம் சொப்பில் பானை காணாமல் போனால் சிரட்டையை வைத்துச் சோறு பொங்கினோம், அதற்கு எந்த மெயிலும் போடவில்லை.

பாளை_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. காலையில் வாசலில் தாம்பாளத்தை வைத்துப் பிரித்தோம். நீலப் பின் ஒன்று கூண்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டு இருந்தது, வாப்பா அண்ணன் சொன்ன மாதிரியே கருப்புப் பின் ஒன்று கூடுதல். அதைச் சரி செய்துவிட்டான். இன்னொரு பின்னும் பல்சக்கரமும் நிச்சயமாக இல்லை. பல்லை எண்ணினோம், எட்டுதான்.

பெட்டியில் முகவரியும் மெயிலும் ஐஎஸ்ஐயும் இருக்கிறது, தென்காசி அண்ணாச்சி சொன்ன விவரம் எல்லாம் போட்டு அனுப்பிவிட்டேன். மத்தியானமே பதில் வந்தது, பேட்ச் எண்ணின் போட்டோ கேட்டார்கள். நான் எழுதியதை மட்டும் அனுப்பியிருந்தேன், போட்டோவாக வேண்டுமாம். அனுப்பியாச்சு. கடைக்காரரிடம் 30 நாள் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன், "கம்பெனி அனுப்பலைன்னா வாங்கம்மா, பார்ப்போம்" என்றார், குரல் போன தடவை மாதிரி இல்லை.

16 பல் சக்கரம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்கப் போயிருக்கிறான்.

வக்கீல்_இல்லை_வே:

அந்தப் "பார்ப்போம்" என்பதை வாட்சப்பில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. பில் தேதியில் இருந்து 30 நாளை எண்ணி, முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். துண்டு வந்து மாட்டிப் பார்க்கும் வரை பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.