வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

பூட்டுக்காரன்: வீட்டில் ஒரே கணினி, விண்டோஸ் 11. நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் பையன் மூன்று பேருக்கும் அதுதான். போன வாரம் பையனின் இன்ஸ்டாகிராமிலிருந்து அவன் நண்பர்களுக்கெல்லாம் கிரிப்டோ விளம்பரம் போயிருக்கிறது. ஓடிபி எதுவும் வரவில்லை. வேவு பார்க்கும் ஸ்பைவேர் புகுந்திருக்கிறது, ஃபார்மட் செய்து ஆன்டிவைரஸ் போடணும் என்கிறார் கடைக்காரர். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதாதா?

கருவிழி: தாராளமாகப் போதும். விண்டோஸ் 8 முதலே டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ்தான். ஓடிபி வராமல் கணக்கு போயிருந்தால் அநேகமாகக் குக்கித் திருட்டு. நாம் ஒருமுறை லாகின் செய்ததும், 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்பதற்கு அடையாளமாகத் தளம் உலாவியில் ஒரு குக்கியை வைக்கிறது. ரெட்லைன், லும்மா மாதிரியான ஸ்பைவேர்கள் அதையும், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் சேர்த்துச் சுருட்டி அனுப்பிவிடும். குக்கி கையில் இருந்தால் ஓடிபிக்கு வேலையே இல்லை. பையன் கிராக் (காசு கட்டாமல் மென்பொருளை ஓட்டவைக்கும் திருட்டு ஃபைல்) ஏதாவது இறக்கினானா, கேளுங்கள்.

சர்வீஸ் கடை: டிஃபெண்டர் போதும் என்று எழுதுவது சுலபம் சகோ. கடைக்கு வருகிற கணினியைத் திறந்தால் டிஃபெண்டர் அணைந்து கிடக்கும். கிராக்கோடு வரும் ரீட்மீ குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்பதுதான். பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பலவற்றில் செட்டிங்ஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடலாம், பையன் கை வைக்க முடியாது.

கருவிழி: அண்ணே, விண்டோஸில் பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் கொடுத்தால் டிஃபெண்டரை அணைக்கவும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பைசா செலவில்லை. அப்புறம், ஆன்டிவைரஸ் கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? அவாஸ்ட், தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020இல் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வைத்த ஆளே வேவு பார்த்த கதை.

சர்வீஸ் கடை: ஒரு கம்பெனி செய்தால் எல்லோரும் அப்படியா? உங்கள் ஸ்டாண்டர்டு அக்கவுன்டிலும் ஓட்டை இருக்கிறது. குக்கி திருட அட்மின் அனுமதி எதற்கு? பையனுடைய குக்கி பையனுடைய ஃபோல்டரில்தானே இருக்கிறது.

கருவிழி: சரிதான், ஆனால் திருட்டு அவனோடு நிற்கும். அப்பா அக்கவுன்டில் இருக்கும் பேங்க் லாகினைத் தொடாது. இப்போது மூன்று பேரும் ஒரே அக்கவுன்டில்தான் இருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

மழைக்காகம்: இருவரும் கிராக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கிராக் என்றால் என்னவென்றே தெரியாத பெரியவர்களும் மாட்டுகிறார்கள். 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு பக்கம் வரும். டிக் செய்தால், உறுதிப்படுத்த விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். டிக் செய்தபோதே ஒரு கட்டளையை அந்தப் பக்கம் காப்பி செய்து வைத்திருக்கும். என்டர் தட்டினால் விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் ஓடி ஸ்பைவேரை இறக்கிவிடும். உண்மையான கேப்சா எதுவும் இப்படிக் கேட்காது. இதை மாமனாருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், எந்த ஆன்டிவைரஸும் சொல்லித்தராது.

பூட்டுக்காரன்: பையனிடம் கேட்டேன். கேமை மாற்றியமைக்கும் 'மோட்' ஒன்று இறக்கினானாம். ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு 1234. ஆமாம், மூன்று பேருக்கும் ஒரே அக்கவுன்ட்தான்.

சர்வீஸ் கடை: அந்தப் பாஸ்வேர்டு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஸ்கேனர் ஜிப்பின் உள்ளே பார்க்கக் கூடாது என்றுதான். ஃபார்மட் செய்துவிடுங்கள். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்துவையுங்கள், இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீர்கள்.

கருவிழி: ஃபார்மட்டுக்கு நானும் ஓட்டு. ஆனால் அதற்கு முன்பே, போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் திருடன் கைக்குப் போகும். ஒவ்வொரு தளத்திலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள், திருடிய குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும். ஜிமெயிலில் தொடங்குங்கள், மற்றதற்கெல்லாம் சாவி அதுதான்.

பூட்டுக்காரன்: ஜிமெயில் முடிந்தது. நமக்குத் தெரியாத ஒரு சாதனம் இருந்தது, வெளியேற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃபார்மட். ஆன்டிவைரஸ்?

சர்வீஸ் கடை: போடுங்கள்.

கருவிழி: வேண்டாம். மூன்று அக்கவுன்ட் போடுங்கள்.