எழுதிக்கொடுப்பவர் அம்மா, கையெழுத்துக்குப் பிறகு அவருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: மூத்த மகள்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. இடத்தை அம்மா தன் சம்பளத்தில் தன் பெயரிலேயே கிரயம் வாங்கினார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். கீழே அம்மாவும் சின்னத் தம்பியும் இருக்கிறார்கள். மாடி வாடகைக்கு.

நாங்கள் மூன்று பேர். சின்னத் தம்பிக்கு 34 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தானே சாப்பிடுவான், குளிப்பான். பணம் எண்ணத் தெரியாது. அம்மா வீட்டைப் பெரிய தம்பிக்கு செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் சொத்தை மாற்றிக்கொடுக்கும் பத்திரம், எழுதிவிடலாம் என்று இருக்கிறார். "அவன் சின்னவனைப் பார்த்துக்கொள்வான்" என்பதுதான் காரணம். எனக்குப் பங்கு வேண்டாம், அதை மனதாரச் சொல்லிவிட்டேன்.

மூன்று பக்கத்தில் வரைவு வந்தது. அம்மா பெயர் "எழுதிக்கொடுப்பவர்" என்றும், தம்பி பெயர் "எழுதிவாங்குபவர்" என்றும் இருக்கிறது. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு இடங்களில் அடிக்கோடு போட்டார். ஒன்று, "மேற்படி சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்". இன்னொன்று, "இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை".

"இன்றே ஒப்படைத்துவிட்டால் நாளைக்குக் காலையில் நான் யார் வீட்டில் காபி போடுகிறேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெரிய தம்பி நல்லவன், அவனைச் சந்தேகப்பட்டு இதைக் கேட்கவில்லை. எழுதிக்கொடுப்பவர் என்றால் அம்மா எதை விடுகிறார், எதை வைத்துக்கொள்ளலாம்? டிரஸ்ட் வைக்கலாம் என்று ஒரு உறவினர் சொன்னார். அதில் அம்மாவின் இடம் என்ன?

பதில்: பழைய பத்திர எழுத்தர்

சகோதரி, 31 வருடம் பத்திரம் எழுதியவன் நான். உங்கள் அம்மா அடிக்கோடு போட்ட இரண்டு வரிகளும் சரியான வரிகள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நிறையப் பேர் முதல் பக்கத்தில் பெயரும் கடைசிப் பக்கத்தில் நான்கெல்லையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நடுவில் இருப்பதுதான் வாழ்க்கை முழுவதும் கூட வரும்.

எழுதிக்கொடுப்பவருக்கு முதல் வேலை, தன்னிடம் இருப்பதைக் காட்டுவது. தன்னிடம் இல்லாத உரிமையை யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. உங்கள் அம்மாவுடையது சுயசம்பாத்தியம், அவர் பெயரிலேயே கிரயப் பத்திரம், அதனால் முழுச் சொத்தையும் அவர் விருப்பப்படி எழுதலாம். பூர்வீகச் சொத்தாக இருந்தால் இந்த உரையாடலே வேறு மாதிரி போயிருக்கும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது நான்கிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கிரயத்தில் விற்பவர் தன் உரிமை சுத்தமானது என்று உறுதி சொல்லிப் பணம் வாங்குகிறார். செட்டில்மெண்டில் பணம் கைமாறாது, "அன்பும் பாசமும்" என்றுதான் எழுதுவோம். அதற்காக உரிமையைச் சரிபார்க்கும் வேலை குறையாது.

அடுத்தது விருப்பம். பணம் வாங்காமல் கொடுப்பதால் இப்படிப்பட்ட செட்டில்மெண்டைச் சட்டம் தானமாகவே பார்க்கிறது. தானத்துக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 122 சொல்வது இதுதான்: கொடுப்பவர் தானாக முன்வந்து கொடுக்க வேண்டும், வாங்குபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஏற்பு கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும். பிரிவு 123-இன்படி வீடு, நிலம் என்றால் பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகள் கட்டாயம். சார்பதிவாளர் முன்னால் "இது என் கையெழுத்துதான்" என்று அம்மாவே ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பதிய மனுக் கொடுக்கலாம்.

இனி அந்த இரண்டாவது வரி. முறையாகப் பதிந்து, வாங்குபவர் ஏற்றும் கொண்ட தானத்தை, கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காகத் திரும்ப எடுக்க முடியாது. "நான் நினைத்தால் ரத்து செய்வேன்" என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டாலும் பயன் இல்லை. அப்படிக் கொடுத்தவர் விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் தானமே செல்லாது என்று பிரிவு 126 சொல்கிறது. கொடுத்தவர் கையில் இல்லாத ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் ரத்தாகும் என்று இருவரும் ஒத்துக்கொள்ளலாம். மோசடி, வற்புறுத்தல் என்றால் நீதிமன்றம் போகலாம்.

ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்தவர் தனியாக வந்து "ரத்துப் பத்திரம்" என்று ஒன்று பதிவார். நானும் சிலருக்கு எழுதியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் பிறகு வழக்கில் தோற்றார்கள். செட்டில்மெண்ட் கொடுத்தவர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சிலும் சொல்லியிருக்கிறது.

ஆனால் முதல் வரியை மாற்றலாம், மாற்றுங்கள். "இன்றே ஒப்படைத்தேன்" என்று எழுதினால்தான் பத்திரம் நிற்கும் என்பது பழைய பயம். பதிவு செய்த தானத்தில், கொடுத்தவர் தன் ஆயுள்வரை சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, தன்னிடமே வைத்துக்கொண்டாலும் தானம் செல்லும் என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதனால் ஆயுட்கால அனுபவ உரிமையை எழுதுங்கள். சும்மா "அனுபவித்து வர வேண்டியது" என்று விடாமல், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமை, மாடி வாடகையை வசூலிக்கும் உரிமை, யாரை வாடகைக்கு வைப்பது என்ற உரிமை, வரி யார் கட்டுவது, பழுது யார் பார்ப்பது எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். "விற்கவே கூடாது" என்று முழுத் தடை போட்டால் அது சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 10-இல் அடிபடும். அனுபவ உரிமை அப்படி இல்லை. தம்பி யாருக்கு விற்றாலும் வாங்குபவர் அம்மாவின் உரிமையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்.

செலவு: தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பை முறையே 40,000 ரூபாயாகவும் 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள்.

பதில்: இரண்டாவது மகன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் அப்பா 2017-இல் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தார். பத்திரத்தில் அன்பும் பாசமும் இருந்தது, வேறு ஒரு நிபந்தனையும் இல்லை. இரண்டு வருடத்தில் அப்பாவின் கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குப் போனது. அப்புறம் அந்த அறையும் வேண்டும் என்றார்கள்.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-இல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தோம். 60 வயதைக் கடந்தவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். அங்கே முழு வாதமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது? எங்களைக் காப்பாற்றியது ஒரு தாள். பதிவு நடந்த அன்றைக்கே "அப்பாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவேன்" என்று அண்ணன் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அம்மா அதை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார்.

பதினாலு மாதம் ஆனது. வீடு திரும்பக் கிடைத்தது. அப்பா அதில் எட்டு மாதம் இருந்தார்.

நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எந்த வழக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று யோசிக்கும் நிலைமைக்கே போக வேண்டாம், அக்கா. பத்திரத்திலேயே சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், மூன்றையும் எழுதிவிடுங்கள். தம்பி நல்லவர் என்கிறீர்கள். நல்லவருக்கு அந்த வரி பாரமாக இருக்காது.

பதில்: ஒரு சிறப்புக் குழந்தையின் தாய்

எல்லோரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சின்னத் தம்பியைப் பற்றிக் கேட்கிறேன், ஏனென்றால் என் மகனுக்கு 26 வயது, அவனுக்கும் இதே நிலைமை.

பிரிவு 23 உங்கள் அம்மாவுக்கு உதவும், அவர் மூத்த குடிமகள். அவர் காலத்துக்குப் பிறகு சின்னத் தம்பிக்கு அந்தக் கதவு இல்லை. ஆயுட்கால அனுபவ உரிமையும் அம்மாவோடு முடிந்துவிடும். இன்னொன்றையும் யோசியுங்கள். பெரிய தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சின்னவருக்கு முன்னால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். சின்னத் தம்பியை அந்த வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எந்தத் தாளும் அவர்களைக் கேட்காது. எனக்குத் தூக்கம் போனது இந்த ஒரு எண்ணத்தில்தான்.

நாங்கள் டிரஸ்ட் வைத்தோம். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தில் சொத்தைக் கொடுப்பவருக்கு எழுதிக்கொடுப்பவர் என்ற பெயர் இல்லை, டிரஸ்டை ஏற்படுத்துபவர் என்று வரும். சொத்தை வைத்து நடத்துபவர் டிரஸ்டி, பலன் பெறுபவர் பயனாளி. செட்டில்மெண்டில் கொடுப்பவர் சொத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். டிரஸ்டில் கொடுப்பவர் சொத்தோடு சேர்த்து ஒரு விதிப்புத்தகத்தையும் கொடுக்கிறார். டிரஸ்ட் ஏற்படுத்தும் எண்ணம், அதன் நோக்கம் என்ன, பயனாளி யார், எந்தச் சொத்து என்று பிரிவு 6 கேட்பது நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். வீடு என்பதால் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும்.

ஏற்படுத்துபவரே முதல் டிரஸ்டியாக இருக்கலாம். நான் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்த வாடகை என் பணம் இல்லை, என் மகனுக்காக நான் கணக்கு வைக்கும் பணம். நோட்டுப் போட்டு எழுதுகிறேன். ஆரம்பத்தில் பழக்கப்படவே இல்லை, என் வீட்டு வாடகைக்கு நானே கணக்கு எழுதுவதா என்று இருந்தது.

திரும்பப் பெறுவது பற்றி: உயில் மூலம் வைத்த டிரஸ்டை உயிர் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பத்திரம் எழுதி வைத்த டிரஸ்டில், அந்த அதிகாரத்தைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் ஏற்படுத்தியவர் தானாக ரத்து செய்ய முடியும். அப்படி வைத்துக்கொண்டால் வருமானம் அவர் கணக்கிலேயே வரிக்கு வரும். நாங்கள் அந்த அதிகாரத்தை வைத்துக்கொள்ளவில்லை. டிரஸ்டியை மாற்றும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பலரும் எழுத மறக்கும் இடம் கடைசிப் பத்தி. பயனாளியின் காலத்துக்குப் பிறகு மீதிச் சொத்து யாருக்கு? அதை எழுதாவிட்டால் சொத்து ஏற்படுத்தியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ திரும்பும், பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் தேட வேண்டும். அப்புறம் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழுவில் சின்னத் தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் வாங்கிவிடுங்கள். 18 வயதைக் கடந்தவருக்குத் தாய் என்ற உறவு மட்டும் கையெழுத்துக்குப் போதாது.

மூத்த மகள்

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். மறுபடியும் பென்சில். "தூக்கம் போனது" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.

பெரிய தம்பியைக் கூப்பிட்டுப் பேசினோம். நான் பயந்தது போல அவன் வருத்தப்படவில்லை. "எனக்கு ஏதாவது ஆனால் என்று நான் யோசிக்கவே இல்லை, அக்கா" என்றான். செட்டில்மெண்டை விட்டுவிட்டோம். அம்மா டிரஸ்ட் ஏற்படுத்துகிறார். அவரே முதல் டிரஸ்டி, அடுத்து நானும் பெரிய தம்பியும் சேர்ந்து. அம்மா ஆயுள்வரை அதே வீட்டில் இருக்கும் உரிமையைத் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறோம். சின்னவன் காலத்துக்குப் பிறகு வீடு பெரிய தம்பியின் பிள்ளைகளுக்கு.

ஒரு சந்தேகம். மாடி வாடகையில் அம்மாவின் மருந்துச் செலவுக்கு எடுக்கலாமா?

பழைய பத்திர எழுத்தர்

பத்திரத்தில் எழுதினால் எடுக்கலாம், எழுதாவிட்டால் அது சின்னவரின் பணம். அம்மாவையும் பயனாளியாகச் சேர்த்து, "என் மருத்துவச் செலவுக்கும் என் மகனின் பராமரிப்புக்கும்" என்று இருவரையும் குறிப்பிடச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வையை மட்டும் மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் சொன்ன குடும்பச் சலுகை டிரஸ்டுக்கு அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரைவு வந்ததும் அம்மா பென்சிலை எடுக்கட்டும். அவர் முடித்த பிறகு பதிவுக்கு நாள் குறித்தால் போதும்.