தனிமைத் தொட்டியில் காப்பர் இறங்குகிறது, அமோனியா ஏறுகிறது: வழி சொல்லுங்க

வணக்கம். நோய் வந்த கடல் மீன்களைத் தனியே வைத்து காப்பர் மருந்து கொடுக்கும் 80 லிட்டர் தனிமைத் தொட்டி. மணல், கல் எதுவும் இல்லை. இரண்டுமே காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர் 26 டிகிரியில். உப்படர்த்தி 1.025. உள்ளே இரண்டு க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா மீன்.

க்ளவுன் துடுப்பு ஓரத்தில் உப்புப்பரல் மாதிரி புள்ளிகள், கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி ஒட்டுண்ணி நோய். காலையில் பார்த்தால் பாதி காணோம். அது குணமல்ல, இருட்டில் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டியிருக்கும். அந்தக் கூட்டைக் காப்பர் தொடாது. வெடித்து வெளியே நீந்துகிறபோதுதான் கொல்லும், அதனால் அளவு ஒரு நாள்கூடச் சரியக் கூடாது.

கீலேட் காப்பரை (வேறொரு மூலக்கூறோடு பிணைத்த காப்பர்) நான்கு நாளில் மெல்ல 2.5 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2.5 மில்லிகிராம்) ஏற்றியாச்சு. ஏழாம் நாள் 2.1. அமோனியா 0.5. 20 லிட்டர் தண்ணீர் மாற்றினால் புதுத் தண்ணீரிலேயே 50 மில்லிகிராம் காப்பர் கலந்துதான் ஊற்றுகிறேன். அமோனியாவை முடக்கும் திரவம் வேண்டாம் ப்ளீஸ், அது காப்பரை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்க:

புது ஸ்பாஞ்ச் இவ்வளவு காப்பரை இழுக்குமா, இல்லை சோதனைக் கருவியில்தான் பிழையா?

காப்பர் இருக்கும்போது, அமோனியாவைத் தின்னும் பாட்டில் பாக்டீரியா பிடிக்குமா? எத்தனை நாளில்?

2.1க்கு இறங்கியதால் காப்பர் சிகிச்சையின் 30 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கணுமா?

ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாக, பிரதான தொட்டி மீனில்லாமல் 76 நாள் காலியாக இருக்கும், அதில் அவசரமில்லை. அமோனியாதான் அவசரம், பிஹெச் (காரத்தன்மை) 8.2 என்பதால் அதன் விஷம் இன்னும் கூடும்.